கேமரா பதிவுகளை வீட்டிலேயே சேமிக்கலாமா?

கேள்வி: வாசலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கூடத்தில் ஒன்று என மூன்று கேமரா வைத்திருக்கிறோம். பழைய பதிவைப் பார்க்க மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். பணம்கூடப் பரவாயில்லை. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் கிடப்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. கிளவுட் இல்லாமல் சேமிக்க முடியுமா? கேமராவையே மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: முடியும். உங்கள் மனைவியின் கவலையும் நியாயமானது. வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு, முன்பின் தெரியாதவர்களின் கேமராப் படங்கள் தங்கள் ஆப்பில் வந்து நின்றன. கூடத்தில் இருக்கும் உங்கள் கேமராவுக்குத்தான் இது முக்கியம். தெருவைப் பார்க்கும் கேமரா விஷயத்தில் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

ஆனால் பெட்டியில் 'லோக்கல் ஸ்டோரேஜ்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லி விற்ற யூஃபி கேமராக்கள், அறிவிப்புடன் வரும் சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது 2022-இல் வெளியே வந்தது. நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரவுட்டரை அணைக்காமல், அதற்குள் வரும் இன்டர்நெட் கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபை வேலை செய்யும், வெளித்தொடர்பு இருக்காது. கேமராவின் முன்னால் ஒரு முறை நடந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே வைஃபையில் உள்ள போனில் அந்தப் பதிவைத் தேடுங்கள். மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன் அந்த வழியில் வெளியே போய்விடும்.

பதிவு ஓடினால் அது உண்மையான லோக்கல். பதிவே இல்லை என்றால் கேமரா கிளவுடையே நம்பியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு, அதுதான் பலரை ஏமாற்றுகிறது: பதிவு கார்டில் விழுந்திருக்கும், ஆனால் ஆப் திறக்காது, கம்பெனி சர்வரில் லாகின் ஆகச் சொல்லும். அதாவது பதிவு உங்கள் வீட்டில், சாவி அவர்கள் கையில். அவர்கள் சேவையை நிறுத்திவிட்டால் அந்த ஆப் வழியாக உங்கள் பதிவை நீங்களே பார்க்க முடியாது. காசு கொடுத்து அப்படி ஒன்றை வாங்காதீர்கள்.

கேமராவை மாற்ற வேண்டுமா என்பது அதன் விவரக்குறிப்பில் 'ஆர்டிஎஸ்பி' அல்லது 'ஆன்விஃப்' என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆர்டிஎஸ்பி என்பது கேமராவின் காட்சியை வீட்டு நெட்வொர்க்கில் வேறு கருவிக்கு நேராக அனுப்பும் முறை. ஆன்விஃப் என்பது ஒரு கம்பெனியின் கேமராவும் இன்னொரு கம்பெனியின் ரெக்கார்டரும் ஒத்துப்போக வேண்டும் என்று ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் 2008-இல் தொடங்கிய பொதுத் தரம். இவற்றில் ஒன்று இருந்தால், ஒரு என்விஆர் பெட்டியோ (நெட்வொர்க் வழியாக வரும் காட்சியைச் சேமிக்கும் ரெக்கார்டர்) ஃப்ரிகேட் போன்ற இலவச மென்பொருள் போட்ட கணினியோ போதும், கேமரா அப்படியே இருக்கலாம். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. சார்ஜை மிச்சப்படுத்த அவை தூங்கிக்கொண்டே இருப்பவை.

கேள்வி: மூன்று கேமராவுக்கு எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், இணையத்தில் வேறு சொல்கிறார்கள்.

பதில்: நீங்களே கணக்குப் போடலாம். கேமரா செட்டிங்கில் 'பிட்ரேட்' என்று ஓர் எண் இருக்கும். அது விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் மணிக்கு 900 எம்பி, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மூன்று கேமராவுக்கு நாளொன்றுக்கு சுமார் 65 ஜிபி, 15 நாளுக்கு ஏறக்குறைய 1 டிபி. பிட்ரேட் 4 என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். எச்.265 என்ற, காட்சியை இன்னும் அதிகமாகச் சுருக்கும் முறையில் பதிவு செய்யும் கேமராவில் பிட்ரேட்டைப் பாதியாகக் குறைத்தாலும் படம் கிட்டத்தட்ட அதே தெளிவில் இருக்கும். ஊருக்குப் போனால் எத்தனை நாள் கழித்துத் திரும்புவீர்களோ, அதைவிட ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமராவுக்குள் போட்ட மெமரி கார்டு ஒரு வருடம்கூட ஓடவில்லை. நல்ல கம்பெனி கார்டுதான். மாற்றினால் மறுபடியும் இதே கதைதானா?

பதில்: சாதாரண கார்டு போட்டால் அதே கதைதான். போனிலோ புகைப்படக் கேமராவிலோ கார்டு எப்போதாவது எழுதும். காவல் கேமராவில் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன 2 மெகாபிட் கணக்கில் 128 ஜிபி கார்டு ஆறு நாளில் நிறைந்து, பழையதை அழித்துத் திரும்ப எழுத ஆரம்பிக்கும். வருடத்துக்கு 60 சுற்று. பல சாதாரண கார்டுகளின் உத்தரவாதத்தில், இடைவிடாத பதிவுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்றே எழுதியிருக்கும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று தனியாக விற்கும் கார்டை வாங்குங்கள். எத்தனை ஆயிரம் மணிநேரப் பதிவைத் தாங்கும் என்பதை உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பார். ஒரு வருடம் என்பது 8,760 மணிநேரம் என்று நினைவில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள்.

அப்புறம், போலி கார்டு. மேலே 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கணினியும் 512 என்றே காட்டும், உள்ளே இருப்பதோ 32. அந்த 32 தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் குப்பை. கேமராவில் போடும் முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச நிரலை ஓட்டிக் கார்டு முழுவதையும் நிரப்பிச் சரிபாருங்கள். சில மணிநேரம் ஆகும், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

இன்னொன்று. தேய்ந்த கார்டு சத்தம் போட்டுச் சாகாது. பல கார்டுகள் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடும். ஆப்பில் நேரலை வழக்கம்போல் ஓடும், சிவப்பு விளக்குகூட எரியும். பதிவு மட்டும் மூன்று வாரத்துக்கு முன்பே நின்றிருக்கும். வாரத்தில் ஒருநாள் நேரலையை விட்டுவிட்டு, நேற்றைய பதிவில் ஏதாவது ஒரு நேரத்தைத் திறந்து பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றாலும் காவல் கேமராவுக்கென்றே செய்ததை வாங்குவது நல்லது. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் அந்த ரகம். சாதாரண டிஸ்க் ஒரு பழுதான இடத்தில் முட்டினால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே நிற்கும், அதற்குள் காட்சி தவறிவிடும். இவை அந்தத் துளியை விட்டுவிட்டு மேலே பதிவு செய்துகொண்டு போகும்.

கேள்வி: திருடன் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனால்?

பதில்: கிளவுடுக்கு ஆதரவாக உள்ள வலுவான வாதம் இதுதான். கேமராவுக்குள் இருக்கும் கார்டு, கேமராவோடு போய்விடும். ஆகவே கைக்கெட்டும் உயரத்தில் உள்ள கேமராவில் கார்டை மட்டும் நம்பக்கூடாது. ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், முதலில் கைபடும் இடம் அது. காற்றோட்டமுள்ள பரண், பூட்டிய அலமாரி என எங்காவது தள்ளி வையுங்கள். கேமராவையும் ரெக்கார்டரையும் இணைக்கும் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். கேமராக் கார்டு, ரெக்கார்டர் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்தால் இரண்டையும் தேடி எடுத்தால்தான் தடயம் போகும். ரெக்கார்டருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் போடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஆள் நடமாட்டம் பதிவான சிறு துண்டுகளை மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி உறவினர் வீட்டுக் கணினிக்கு அனுப்பலாம். கூடத்துக் கேமராவை இதில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கிளவுடை நிறுத்திவிட்டால் வெளியூரிலிருந்து பார்க்க முடியாதா?

பதில்: பார்க்கலாம், விபிஎன் வழியாக. வெளியிலிருந்து உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் வர உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை அது. பல ரவுட்டர்களிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருக்கிறது. 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் கேமராவை உலகத்துக்கே திறந்துவிடும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது.

கேள்வி: போலீஸ் பதிவு கேட்டால் எப்படிக் கொடுப்பது?

பதில்: உடனே பிரதி எடுத்துவிடுங்கள், சில நாளில் அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடும். டிவி திரையைப் போனில் படம்பிடித்து அனுப்ப வேண்டாம், ரெக்கார்டரின் 'எக்ஸ்போர்ட்' வழியாக மூலக் கோப்பை எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் சேர்த்து எடுங்கள். சில ரெக்கார்டர்களின் கோப்பு அவற்றின் சொந்த நிரலில்தான் ஓடும், அந்த நிரலையும் அதே பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். கேமராவை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து வைத்திருப்பவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள்: நேரத்தைச் சரிசெய்ய வழியில்லாமல் அது மெல்ல மெல்ல விலகிப்போகும். ரெக்கார்டரையோ ரவுட்டரையோ நேரம் தரும் சர்வராக வைத்தால் இது தீரும்.