பினாங்கிலிருந்து பாங்காக்: பாடாங் பெசார் எல்லையில் ரயில் தவறிவிடுமா?

வணக்கம். பினாங்குத் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் கொமியூட்டர் ரயில் மாலை 5.15 மணிக்குத்தான் பாடாங் பெசாரைச் சேரும் என்றும், பாங்காக் செல்லும் இரவு ரயிலின் சீட்டில் 5.00 மணி என அச்சிடப்பட்டிருப்பதால் அதைத் தவறவிட்டுவிடுவோமோ என்றும் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள்.

தாய்லாந்து ரயில்வேயின் சீட்டில் உள்ளது தாய்லாந்து நேரம். மலேசியக் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், அந்த ரயில் உங்கள் கைக்கடிகாரப்படி 6.00 மணிக்கே புறப்படும். ஆகவே 45 நிமிடங்கள் மீதமிருக்கின்றன. ஆயினும் நானாக இருந்தால் அதற்கு முந்தைய கொமியூட்டரிலேயே கிளம்பியிருப்பேன், ஏனெனில் இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில் நடைபெறுவது வசதிதான் என்றாலும், பள்ளி விடுமுறை நாட்களில் வரிசை நீண்டுவிடும். பெட்டிகளை உடன் எடுத்துக்கொண்டு, முதலில் மலேசியாவிலிருந்து வெளியேறும் முத்திரையையும் பிறகு தாய்லாந்தில் நுழையும் முத்திரையையும் பெற வேண்டும்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு இணையவழி வருகை அட்டை கட்டாயம். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளங்கள் போலியானவை.

மீதமுள்ள ரிங்கிட்டை ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடைகளிலேயே தாய்லாந்து நாணயமான ‘பாட்’டாக மாற்றிவிட்டு, இரவு உணவுக்கு மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்கு விடைகொடுக்கப் பாலத்தைவிடப் படகே ஏற்றது. அது பட்டர்வொர்த் ரயில் நிலையத்தின் அருகிலேயே இறக்கிவிடும்.