வேர்களை ஆராயும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

ஐயா,

உங்கள் மகள் எம்.எஸ்சி. ஆய்வுக்கு மூலிகை வேர்களிலுள்ள பாலிசாக்கரைடுகளின் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகளின்) அமைப்பை எடுக்கப் போகிறாள் என்று கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "வேரைக் காய்ச்சிக்கொண்டிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" நியாயமான கவலைதான். ஆனால் தலைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். படிப்பு முடிவதற்குள் அவள் கை எதையெல்லாம் பழகப் போகிறது என்று பாருங்கள்.

காய்ச்சுவது உண்மைதான். வேர்ப்பொடியை வெந்நீரில் போட்டு, வடிகட்டி, சுண்டவைத்து, மூன்று நான்கு மடங்கு எத்தனால் ஊற்றுவார்கள். தெளிந்திருந்த சாறு கலங்கி, வெண்மையாக ஏதோ திரண்டு மெல்ல அடியில் படியும். புரதமும் நிறமிகளும் ஒட்டியிருக்கும் பாலிசாக்கரைடு அது. சுத்தம் செய்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

எந்தச் சர்க்கரை, எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. குளுக்கோஸை ஆல்ஃபா பிணைப்பில் கோத்தால் ஸ்டார்ச், திசை மாறிய பீட்டா பிணைப்பில் கோத்தால் செல்லுலோஸ். ஒன்று நமக்குச் செரிக்கும், மற்றது செரிக்காது. சிக்கரி வேரிலுள்ள இன்யூலினோ ஃபிரக்டோஸ் சங்கிலி. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை ஆறு விதமாகத்தான் வரிசையில் கோக்கலாம். மூன்று சர்க்கரைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதங்களில் கோக்கலாம். வேரில் இருப்பது இதில் எது என்று கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை மாதிரி. அமிலத்தில் உடைத்து என்னென்ன சர்க்கரை என்று பார்ப்பார்கள். சர்க்கரையில் பிணைப்பில் சேராமல் இருக்கும் ஹைட்ராக்சில் (OH) முனைகளை மெத்தில் என்ற சிறு தொகுதியால் மூடிவிட்டு அப்புறம் உடைத்தால், மூடப்படாமல் நிற்கிற இடம்தான் பிணைப்பு இருந்த இடம் என்று ஜி.சி.-எம்.எஸ். (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) காட்டிக்கொடுக்கும். ஆல்ஃபாவா பீட்டாவா என்பதை என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து அணுக்களின் அமைப்பைப் படிக்கும் கருவி) சொல்லும்.

இந்தப் பழக்கத்துக்குத்தான் சம்பளம். 2008இல் ஹெப்பாரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தில் ஏறக்குறைய அதே மாதிரியான வேறொரு பாலிசாக்கரைடு கலந்து உயிர்கள் போயின. வழக்கமான பரிசோதனைகளில் அது சிக்கவில்லை, என்.எம்.ஆரில் சிக்கியது. மருந்துத் தரக்கட்டுப்பாடு, நிமோனியா தடுப்பூசி போன்ற பாலிசாக்கரைடு தடுப்பூசிகள், உணவு நார்ச்சத்து, மூலிகைப் பொருள்களின் தரச் சோதனை என்று இந்தத் திறமை தேவைப்படும் இடங்கள் பல.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வக வேலைதான். ஆராய்ச்சிப் பதவி வேண்டுமென்றால் பிஎச்.டி. வரை பொறுமை வேண்டும். அதற்கு வீட்டில் வசதி இருக்கிறதா என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வழிகாட்டியைப் பற்றியது. அமைப்பைச் சரியாக நிறுவாமலேயே "நோய் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது" என்று எழுதுகிற ஆய்வுகள் இந்தத் துறையில் உண்டு. மாதிரியில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கொஞ்சம் கலந்திருந்தாலே நோய் எதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டுவிடும். பெருமை வேருக்குப் போய்விடும். எண்டோடாக்சின் சோதனை செய்கிறீர்களா என்று மகள் கேட்கட்டும். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் தாராளமாகச் சேரலாம்.

கூடவே இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: மாதிரியை வெளியே அனுப்பி அச்சடித்த படத்தை வாங்கிக்கொள்வார்களா, அவளே கருவியில் உட்கார்ந்து அது வரையும் படத்தின் ஒவ்வொரு சிகரத்தையும் படிப்பாளா? முதல் பதில் வந்தால், சேரும் முன்பு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேறு ஆய்வகம் பார்ப்போம்.