உடம்பில் ஈயம் சேர்ந்தால் குழந்தை குண்டாகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். வீட்டை ஒட்டியே உங்கள் கணவரின் ஈய பேட்டரி பழுதுபார்க்கும் கடை. 9 வயது மகன் பருமன், 3 வயது மகள் ஒல்லி. ஈயம் சேர்ந்தால் குழந்தைகளுக்குக் கொழுப்பு கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, மகனுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுங்கள். ஆனால் முதலில் மகளுக்கு எடுங்கள்.

குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எடை கூடினால் பெற்றோர் பதறிக்கொண்டு வருகிறார்கள். ஒல்லியாக இருந்தால் "அவள் உடம்பு வாகே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஈயத்தின் விஷயத்தில் இது ஆபத்தான பழக்கம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியை நன்றாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று மெக்சிகோ நகரம். ஈயப் பளபளப்பு பூசிய மண்பாண்டங்களில் சமைப்பது அங்கே காலங்காலமாக இருக்கும் வழக்கம். 1990களின் பிற்பகுதிவரை பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. 1994இல் தொடங்கி, கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் எலிமென்ட் என்ற ஆய்வுக்குழு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து வருகிறது. பிரசவத்துக்குப் பின் தாயின் முழங்கால் சில்லில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதை எக்ஸ்ரே முறையில் அளந்தார்கள். ஏன் எலும்பு? ரத்தத்தில் ஈயம் ஒன்றிரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும், எலும்பில் பல வருடம் தங்கும். கர்ப்பகாலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பு கால்சியத்தை விடுவிக்கும்போது, கூடவே அந்தப் பழைய ஈயமும் வெளிவந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது.

அங்கே கிடைத்த முடிவு உங்கள் வீடியோ சொன்னதற்கு நேர் எதிர். தாயின் எலும்பில் ஈயம் அதிகமாக இருந்தால், பள்ளி வயதில் அந்தக் குழந்தைகளின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்), இடுப்புச் சுற்றளவு, உடல் கொழுப்பு எல்லாமே சராசரியாகக் குறைவாக இருந்தன. அமெரிக்காவில் 1999 முதல் 2006 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பிலும், ரத்தத்தில் ஈயம் கூடிய குழந்தைகளிடம் பருமன் குறைவாகவே காணப்பட்டது.

சரி, அப்படியானால் வீடியோ பொய்யா? அதுவும் இல்லை. பாஸ்டனில் 1,442 தாய்-சேய் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. பிரசவத்தை ஒட்டித் தாயின் ரத்தச் சிவப்பணுக்களில் ஈயம் அதிகமாக இருந்திருந்தால், குழந்தை பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தாய்க்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் சத்து போதுமான அளவு இருந்தால் அந்த வாய்ப்பு குறைந்தது. மிச்சிகனில் எலிகளிடம் செய்த சோதனையில், கருவிலேயே ஈயம் பட்ட குட்டிகள், குறிப்பாக ஆண் எலிகள், அதிகம் தின்று எடை போட்டன.

எந்த வயதில் ஈயம் பட்டது, ரத்தத்தில் அளந்தார்களா எலும்பில் அளந்தார்களா, ஆணா பெண்ணா, தாயின் சத்து நிலை என்ன என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல், இரும்பை இழுக்கும் அதே வழியில் ஈயத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒல்லியான குழந்தையிடம் ஈயம் அதிகம் என்றால், ஈயத்தால் ஒல்லியானதா, சத்துக்குறைவால் ஈயம் ஏறியதா என்று பிரிப்பது எளிதல்ல. என் கருத்து இதுதான்: எடையை வைத்து ஈயத்தை ஊகிக்க முடியாது, ஈயத்தை வைத்து எடைக்குக் காரணம் சொல்லவும் முடியாது. உங்கள் மகனின் எடைக்கு, ஈயத்தைத் தேடுவதற்கு முன் தின்பண்டம், தூக்கம், விளையாட்டு இவற்றைப் பாருங்கள்.

ஈயத்தில் நான் உண்மையில் பயப்படுவது மூளைக்காகத்தான். சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில் ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமைத் தாண்டியது. ஈயம் கூடிய பிள்ளைகளிடம் கவனக்குறைவும் நடத்தைச் சிக்கல்களும் அதிகம் தெரிந்தன. மெக்சிகோ ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஹோவர்ட் ஹூ இதிலும் பங்கேற்றவர். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இன்று கவனிக்கச் சொல்லும் அளவு, அதே கணக்கில், வெறும் 3.5 மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை.

இப்போது உங்கள் வீடு. 3 வயதுக் குழந்தை தரையில் உட்காரும், விரலை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பாதியைச் சின்னக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், பெரியவர்களுக்கு அது பத்தில் ஒரு பங்குதான். பேட்டரியைப் பிரிப்பதும் தகட்டை உருக்குவதும் வீட்டுப் பக்கமே கூடாது. இதில் சமரசம் வேண்டாம். உங்கள் கணவர் கடையிலேயே குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம். ஆனால் மலிவானதில் காரீயம், அதாவது நாம் பேசும் இந்த ஈயம், கலந்திருக்கலாம் என்பதால் நம்பிக்கையான இடத்தில் வாங்கியது இல்லையென்றால் ஒதுக்கிவையுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மகன் எடை குறையட்டும் என்று பாலையும் காலை உணவையும் நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும், கால்சியம் குறைந்தாலும் அப்படியே. பால் அல்லது மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருவருக்கும் கொடுங்கள். வறுவலையும் குளிர்பானத்தையும் குறைத்தால் மகனுக்குப் போதும். உடம்பிலிருந்து ஈயத்தை இழுத்துவிடும் என்று விற்கிற பொடி, மருந்து எதையும் வாங்காதீர்கள். ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை பொதுவாக ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான், அதுவும் மருத்துவமனையில்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் இப்போதே மருத்துவரிடம் கால்சியம் பற்றிக் கேளுங்கள். மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தபோது அவர்களின் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது.

பரிசோதனைக்குப் போகும்போது விரல் நுனியில் குத்தி எடுக்காமல் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கையில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். மகளுக்கு ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், கணவருக்கும் எடுங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதை அவர் ரத்தத்தை வைத்தே ஓரளவு கணிக்கலாம்.