தந்தியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலுக்கான மரத்தை நானே அறுத்துக் குடைந்து, மற்ற பாகங்களை வாங்கிப் பொருத்தி, ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவில் ஒரு மின்கிதார் செய்திருக்கிறேன். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்கள் மூன்றும் ஒற்றைச்சுருள் வகை. ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஓயாத இரைச்சல். தந்தியில் கை பட்டதும் பெருமளவு அடங்குகிறது. எந்தப் பிக்கப் ஒலிக்கவேண்டும் என்று தேரும் ஐந்துநிலை சுவிட்சின் 2, 4ஆம் நிலைகளிலும் குறைகிறது. நண்பர் எர்த் கோளாறு என்கிறார். கடைக்காரரோ, வீட்டில் செய்தது அப்படித்தான் இருக்கும், விலை கூடிய பிக்கப் போடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

கை பட்டதும் அடங்குகிறது என்றால், கிதாருக்குள் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது என்றே பொருள். வீட்டு மின்கம்பிகளைச் சுற்றியுள்ள மின்புலத்தை நம் உடல் வாங்கி, மடியிலிருக்கும் கிதாருக்குள் கடத்துகிறது. தந்திகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜின் அடியிலுள்ள கம்பி வழியாக, கேபிள் செருகும் ஜாக்கின் எர்த் முனையோடு சேர்ந்திருப்பதால், அவற்றைத் தொட்டதும் உடலும் எர்த்தோடு இணைந்து அந்தக் கடத்தல் நின்றுவிடுகிறது. பிரிட்ஜ் கம்பி விட்டுப்போயிருந்தால் தொட்டாலும் மாற்றம் இருக்காது. ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறியிருந்தால் தொட்டதும் இரைச்சல் கூடும்.

கடைக்காரர் சொல்வதும் பொருந்தவில்லை. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரே இப்படி இரையும் கருவிதான். 2, 4ஆம் நிலைகளில் குறைவதற்குக் காரணம், உங்கள் நடுப் பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் இருப்பது. அந்நிலைகளில் நடுப் பிக்கப்பும் இன்னொன்றும் சேர்ந்து ஒலிப்பதால், இரு சுருள்களில் புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடிநிற்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் என்ற இரட்டைச்சுருள் பிக்கப்பின் அடிப்படையும் இதுதான். ஆகவே பிக்கப்களில் குறையில்லை. இன்னும் விலை கூடிய ஒற்றைச்சுருள் போட்டாலும் அதுவும் இரையும்.

உங்களுக்குத் தேவை, மின்புலத்தைத் தடுக்கும் உலோகக் கவசம். தந்திகளைக் கழற்றி, மரத்தில் குடைந்த குழி முழுவதையும், அதை மூடும் மேல்தகடான பிக்கார்டின் அடிப்பக்கத்தையும் காப்பர் டேப்பால் மூடுங்கள். குழியின் விளிம்பில் டேப்பைச் சற்று வெளியே மடித்து ஒட்டினால்தான் பிக்கார்டைத் திருகும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும். சில டேப்புகளின் பசை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். குழியிலிருந்து ஒரு கம்பியை வால்யூம் பாட்டின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியின்) முதுகுக்குக் கொண்டுசெல்லும்போது அந்த முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்; 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே பெரும்பாலும் திணறும், அதிக நேரம் அழுத்திப்பிடித்தால் பாட் கெடும். ஜாக்கின் சிக்னல் முனையோ சுவிட்சின் கால்களோ டேப்பைத் தொட்டால் ஒலியே வராது என்பதால், மூடுவதற்கு முன் மல்டிமீட்டரால் பாருங்கள்: தந்திக்கும் ஜாக்கின் எர்த் முனைக்கும் இடையே ஏறத்தாழ சுழி ஓம் வரவேண்டும், வால்யூமை முழுதும் திறந்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தால், ஜாக்கின் இரு முனைகளுக்கிடையே சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் வரவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. இரைச்சலைக் குறைக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் யோசனைகள் காதில் விழும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் உங்கள் விரல்வரை வந்துவிடும். எர்த் கம்பியே இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் உண்டு என்பதால், உங்கள் பெட்டியையும் சுவர் சாக்கெட்டையும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

கவசத்துக்குப் பிறகும் தாழ்ந்த குரலில் ஒரு 50 ஹெர்ட்ஸ் முனகல் எஞ்சும், ஏனெனில் காந்தப்புலத்தைச் செம்பு தடுக்காது. கிதாரோடு மெல்லத் திரும்பிப் பார்த்தால் ஏதோ ஒரு திசையில் அது நன்றாகக் குறையும். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் குறையும். அதுவும் பொறுக்கமுடியவில்லை என்றால் மட்டும், ஒற்றைச்சுருள் அளவிலேயே கிடைக்கும் ஹம்பக்கர் ஒன்றை வாங்குங்கள்; அதற்கு உங்கள் 250 கிலோ ஓம் பாட் போதுமா, 500 வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.