சீனாவில் ஆங்கில ஆசிரியராக முதல் மாதம்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: எனக்கு 23 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே டொரொன்டோ வந்து வளர்ந்தேன். கனடா குடியுரிமை உண்டு. பட்டப்படிப்பும், டெஃபல் எனப்படும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழும் முடித்து, வேலை விசாவில் ஆகஸ்ட் 28 அன்று சீனாவின் செங்டு நகரத்துக்கு வந்தேன். ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது. தங்கும் அனுமதியைப் பற்றிக் கேட்டால், "தேசிய தின விடுமுறை முடியட்டும்" என்கிறார்கள். வகுப்புக்கு 48 பேர். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு மாணவியின் அம்மா வார இறுதியில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தால் நல்ல பணம் தருகிறேன் என்கிறார். "நீங்கள் உண்மையில் எந்த நாடு?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். இந்த வேலைக்கு நான் ஏற்றவள்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு வகுப்பறைதான் பெரிய கவலை என்று தெரிகிறது. ஆனால் அதற்குக் காலம் இருக்கிறது, தங்கும் அனுமதிக்கு இல்லை. அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

வேலை விசாவில் சீனாவுக்குள் வந்தவர், வந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். உங்கள் கணக்கில் செப்டம்பர் 26-ஐத் தாண்டக் கூடாது. தேசிய தின விடுமுறை அக்டோபர் 1-இல்தான் தொடங்குகிறது. அதாவது பள்ளி சொல்லும் நாள் சட்டம் சொல்லும் நாளுக்குப் பிறகு வருகிறது. அனுமதி இல்லாமல் தங்கினால் நாளுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் வரை அபராதம் போடலாம். தடுப்புக் காவலுக்கும் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் வருவது பள்ளியின் பெயரில் அல்ல, உங்கள் பெயரில்.

பள்ளி கெட்ட எண்ணத்தில் சொல்வதாக நான் நினைக்கவில்லை. செப்டம்பரில் அலுவலகத்தில் ஒரே ஆள் பத்து வேலையைத் தூக்கிக்கொண்டு அலைவார், அதில் உங்கள் காகிதமும் ஒன்று. அதனால் வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிட்டு, இன்றே வீசாட் செய்திச் செயலியில் எழுதி அனுப்புங்கள்: நாட்டுக்குள் வந்த தேதி, 30 நாள் முடியும் தேதி, என்னென்ன பாக்கி. பாஸ்போர்ட்டில் உள்ள நுழைவு முத்திரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தேதி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வேலை தானாக நகரும்.

வேலைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. குடியிருக்கும் இடத்தைக் காவல் நிலையத்தில் பதிந்த சீட்டு வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்; அபார்ட்மென்ட் என்றால் குடிபோன 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ பதிய வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போங்கள். அறிக்கை வரச் சில நாள் ஆகும். அப்புறம் வேலை அனுமதி. இவை எல்லாம் கையில் வந்தபின்தான் குடியேற்ற அலுவலகம். அங்கே நீங்களும் நேரில் போகவேண்டியிருக்கும், அரைநாள் விடுப்பை இப்போதே கேட்டு வையுங்கள். பரிசீலனை முடியும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். பதிலுக்குத் தரும் ரசீதைக் காட்டி நாட்டுக்குள் ரயிலில் போகலாம். வெளிநாடு போக முடியாது. தேசிய தின விடுமுறையில் பாங்காக் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் இந்த முறை வேண்டாம்.

பள்ளி இன்னும் அசையவில்லை என்றால் 12367-ஐக் கூப்பிடுங்கள். சீனக் குடியேற்றத் துறையின் உதவி எண் அது, ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

டியூஷன் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே, அந்த அம்மா எவ்வளவு அன்பாகக் கேட்டாலும். உங்கள் வேலை அனுமதி இந்த ஒரு பள்ளிக்கு மட்டுமானது. வெளியே கூலிக்குக் கற்பித்தால் அது சட்டவிரோத வேலை. 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையாக எடுத்துக்கொண்டால் 5 முதல் 15 நாள் காவல். போதாக்குறைக்கு, பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க 2021 ஜூலையில் வந்த அரசுக் கொள்கைக்குப் பிறகு, ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களுக்கான வார இறுதி டியூஷன் மையங்களே பெருமளவில் மூடப்பட்டுவிட்டன. அதனால்தான் அந்த அம்மா உங்களிடம் வருகிறார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "என் அனுமதி பள்ளிக்கு மட்டும்தான், மன்னியுங்கள்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். பிள்ளைக்கு இடைவேளையில் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள், அது போதும்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்குச் சீன அதிகாரிகள் பொதுவாக எதிர்பார்ப்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பாஸ்போர்ட், பட்டம், அதோடு இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது டெஃபல் போன்ற சான்றிதழ். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களிடம் "முதலில் மாணவர் விசாவிலோ வியாபார விசாவிலோ வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் அல்ல.)

இனி வகுப்பறை. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: ஏழாம் வகுப்பு. சீனாவில் ஆறாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடும். ஏழாம் வகுப்பில் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் புதுக் கட்டடத்தில், புது முகங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது முதல் இரண்டு வாரம்தான். பெயர் தெரியாத 47 பேர் முன்னால் எழுந்து வேற்று மொழியில் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், மூன்று வருடத்துக்கு அந்தப் பெயர் நிற்கும் என்ற பயம். அந்த மௌனத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரி நுழைவுக்கான காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், சீன மொழிக்கும் கணக்குக்கும் உள்ள அதே அளவு. ஆனால் அது பெரும்பாலும் படித்து, கேட்டு, எழுதிப் பெறும் மதிப்பெண். வெளிநாட்டு ஆசிரியரின் பேச்சு வகுப்பு வாரத்துக்கு ஒருமுறை வரும், தேர்வில் வராது. சில பிள்ளைகள் கணக்கு வீட்டுப்பாடத்தைக் கீழே வைத்து எழுதுவார்கள். முதல் மாதத்தில் அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

செய்யவேண்டியது இது. மொத்த வகுப்பையும் பார்த்துத் திறந்த கேள்வி கேட்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்றால் 48 தலையும் குனியும். அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: "நான் வீட்டில் இருந்தேன்", "நான் வெளியே போனேன்". பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒருவரை எழுப்பி, தன்னைப் பற்றி அல்ல, பக்கத்து ஆளைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். கையில் எழுதின வாக்கியம் இருக்கிறது, பேசுவது அடுத்தவரைப் பற்றி, பயம் பாதியாகிவிடும். முதலில் நீங்கள் ஒரு பிள்ளையோடு செய்து காட்டுங்கள். வாயால் விளக்கினால் ஐந்து நிமிடம் போகும், புரியவும் புரியாது.

உச்சரிப்பில் செங்டுவுக்கே உரிய ஒன்று உண்டு. அந்தப் பகுதிப் பேச்சில் 'ந' ஒலியும் 'ல' ஒலியும் கலந்துவிடும், அதனால் 'நைட்', 'லைட்' இரண்டும் ஒன்றுபோலவே வரும். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். 'லைட்' தடையில்லாமல் வரும், 'நைட்' அடைத்துக்கொள்ளும். 48 பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கோமாளித்தனமாகத் தெரியும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது. முதல் சத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

வகுப்பாசிரியரைத் தேடிப் போய்ப் பழகுங்கள். அந்த 48 பேரின் வீட்டு நிலைமை முதல் பல்வலி வரை அவருக்குத் தெரியும். இருக்கை வரைபடம் ஒன்று கேட்டு வாங்கி, பிள்ளைகளின் சீனப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள், அந்த வாரம் அவர்கள் படிக்கும் சொற்களை உங்கள் வகுப்பில் பேசவைத்தால் ஆங்கில ஆசிரியரும் உங்கள் பக்கம் நிற்பார்.

"உண்மையில் எந்த நாடு?" என்ற கேள்விக்கு வருகிறேன். அது வலிக்கும், வலிப்பது நியாயம். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்ற படம் பல பெற்றோர் மனதில் இருக்கிறது. விளம்பரங்கள் அதை வளர்த்துவிட்டன. ஆனால் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் வெறும் ஆர்வம். மழுப்பாமல் முழுதாகச் சொல்லுங்கள்: தமிழ் என் தாய்மொழி, இலங்கையில் பிறந்தேன், கனடாவில் வளர்ந்தேன். அதையே ஒரு பாடமாக்குங்கள். கடற்படைத் தலைவர் ஜெங் ஹவின் பெயர் சீனப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் இலங்கையில் நிறுத்திய, 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் இருக்கின்றன. 1911-இல் காலி நகரில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைத் திரையில் போட்டு, "இதில் உங்கள் எழுத்து எது, என் எழுத்து எது?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன்பே இரண்டும் ஒரே கல்லில் இருந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு நீங்கள் யார் என்று மறுபடி விளக்கவேண்டியிருக்காது.

பணத்தில் ஒன்றே ஒன்று. வங்கிக் கணக்கு திறக்கும்போது உங்கள் நீளமான தமிழ்ப் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையில், இடைவெளி உட்பட, எப்படிப் பதிந்தார்கள் என்று கவுண்டரிலேயே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடைவெளி மாறினாலும் பணம் செலுத்த உதவும் வீசாட், அலிபே செயலிகள் அந்தக் கணக்கை ஏற்காமல் போகலாம். அதுவரை கனடா கார்டை அலிபேயில் இணைத்துச் சமாளிக்கலாம். வாட்ஸ்அப் அங்கே தடைபட்டிருப்பதால் அம்மா அப்பாவின் போனிலும் வீசாட் இருக்கட்டும்.

இன்னும் சில வாரத்தில் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் இரண்டு மூன்று ஆசிரியர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காரலாம். பயப்படாதீர்கள். சக ஆசிரியரின் வகுப்பைப் போய்க் கேட்பது சீனப் பள்ளிகளில் எல்லோரும் செய்கிற வழக்கம். திட்டமிட்டதையே நடத்துங்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களிடம் போய், எழுதிக்கொண்டதில் இரண்டு குறையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அவர்களின் வகுப்பில் நீங்கள் வந்து உட்காரலாமா என்றும் கேளுங்கள். ஏழாம் வகுப்பை அனுபவசாலி ஒருவர் எப்படிப் பேசவைக்கிறார் என்பதை அங்கே நேரிலேயே பார்க்கலாம்.