ரேசர் தன் எடையிலேயே போகட்டும்

பாளையங்கோட்டைவாசி நான். இருபத்தைந்து வருஷமாக சேஃப்டி ரேசரில்தான் சவரம், அதாவது ஒற்றை பிளேடை மாற்றி மாற்றிப் போடும் ரேசர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, மூணு பிளேடு ரேசரை விட்டுட்டு இதுக்கு மாறணும். என்னென்ன வாங்கணும்?

மூன்று பாகமாகக் கழற்றக்கூடிய ரேசர் ஒன்று. பிளேடுக்குக் கீழே வரும் தகட்டின் விளிம்பு நேராக இருக்கட்டும். சீப்புப் பல் மாதிரி இருப்பது பிறகு பழகிக்கொள்ளலாம். ஒரு பிரஷ், ஒரு ஷேவிங் க்ரீம். பிளேடில் டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று இரண்டு மூன்று வகை வாங்கிப் பாருங்கள். எனக்கு வழுக்கிக்கொண்டு போகிற பிளேடு என் தம்பிக்கு முகமெல்லாம் எரியும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான் இன்றைக்கும்: பிடி நிரந்தரம், மழுங்கிய பிளேடை மட்டும் மாற்றவேண்டும்.

வள்ளியூரிலிருந்து: எவ்வளவு சுற்றினாலும் நுரை நிற்கவே மாட்டேங்குதே?

போர் தண்ணியா? அப்படியென்றால் பிரஷைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும். ஆற்றுத் தண்ணி வரும் வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. தாமிரபரணிக் கரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நீங்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணியில் அரை டம்ளர் எடுத்துச் சுடவைத்து, நுரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவ போர் தண்ணியே போதும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மூணு நாளா தாடையிலே ரத்தம். என்ன தப்பு பண்றேன்?

அழுத்துகிறீர்கள். கார்ட்ரிட்ஜில், அதாவது தலையையே மாற்றும் பல பிளேடு ரேசரில், பழகிய கை அப்படித்தான் செய்யும். நானும் அப்பாவின் ரேசரை முதன்முதலாக எடுத்த அன்று அழுத்தி இழுத்து, தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போனேன். போட்டோவில் இன்னும் அந்தப் பஞ்சு இருக்கிறது.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். பிடியை நுனிவிரல்களால் பிடியுங்கள். ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, பிடி கன்னத்துக்கு நேர்குத்தாக நிற்கட்டும். இப்போது பிளேடு படாது. பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே சிறிது சிறிதாக இழுங்கள். ஓர் இடத்தில் முடி அறுபடும் 'சரசர' சத்தம் கேட்கும். அதுதான் கோணம், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி. அதற்குமேல் கை செய்யவேண்டியது ஒன்றுமில்லை, ரேசரின் எடையே இழுத்துக்கொண்டு போகும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சத்தம் கேட்கவேண்டும்.

தாடை வளைவில் ஒரே இழுப்பாக இழுக்காமல் அரை அங்குலமாகப் போங்கள். முதல் மாதம் முடி படிந்த வாக்கில் மட்டும். எதிர் வாக்குக்கு ஆசைப்படாதீர்கள்.

தென்காசியிலிருந்து: கழுத்தில் முடி உள்ளே சுருண்டு பரு பருவா வருது. இதுக்கு மாறினா போகுமா?

குறைய வாய்ப்பு உண்டு. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைத் தூக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். ஒற்றை பிளேடு மட்டத்தோடு நிற்கும். ஆனால் கழுத்தில் முடி பக்கவாட்டில்கூட வளரும். விரலால் தடவிப் பார்த்து வாக்கைக் கண்டுபிடியுங்கள். சீழ் வைத்திருந்தால் ரேசரைத் தொடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சலூனில் தேய்க்கிற படிகாரம் வீட்டிலும் வேணுமா?

வேணும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஈர முகத்தில் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஷேவ் பண்ணலாமா?

அதை உங்க ஆச்சிகிட்ட கேளுங்க.

பழைய பிளேடை என்ன செய்ய?

குப்பையில் அப்படியே போடாதீர்கள். அள்ளுகிறவர் கையை அறுக்கும். காலி பவுடர் டப்பா மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு உள்ளே தள்ளுங்கள். என் டப்பா நிறைய வருஷக்கணக்கில் ஆயிற்று. நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று எழுதி, குப்பை வண்டிக்காரர் கையில் சொல்லிக் கொடுத்தேன்.