சமையலறைப் படங்களில் குறுக்கே விழும் கருப்புப் பட்டைகள்

அம்மா தோசை வார்க்கும் படங்களில் கருப்புப் பட்டைகள் விழுகின்றன, கேமரா பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/500 விநாடியிலிருந்து 1/100 விநாடிக்கு இறக்குங்கள். பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம்.

காரணம் அநேகமாக எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும், கண்ணுக்குத் தெரியாது. 1/100-இல் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்தில் அடங்கிவிடும். அம்மா திரும்பிப் பார்த்துவிடக் கூடாதென்று சத்தமில்லா ஷட்டரில் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வினையைக் கூட்டுகிறது. அந்த முறையில் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு மங்கும் கணத்தில் படித்த வரிகள் இருண்டுவிடுகின்றன. திரை அசைந்து திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். தாளிக்கும் சத்தத்தில் அந்த 'டக்' கேட்கவா போகிறது?

விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அதே 1/500-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பட்டை இல்லையென்றால் குற்றவாளி விளக்குதான். என்னைக் கேட்டால், வெளிச்சம் போதுமானால் அப்படியே எடுப்பது மேல். தோசைக்கல்லின் ஆவி பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அழகாகத் தெரியும்.

1/100-இல் மாவைச் சுழற்றும் கை சற்றுக் கலங்கும். முகம் தெளிவாக இருந்தால் அது குறையே அல்ல. ஆனால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள விளக்கென்றால், அது வேறு வேகத்தில் துடிக்கலாம். 1/100 உதவாமலும் போகலாம்.